குப்பைத் தொட்டியில் இருந்த 234 பேர்

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். உங்கள் கணினியில் இந்த நிமிடம் இருப்பவர்கள் 803 பேர். நேற்றுக் காலை இருந்தவர்கள் 847. குறைவது 44.

அன்பும் மரியாதையும் மிக்க சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். கணினி என்னைவிட நலம். நீங்கள் ஐந்து நாளாகக் குப்புறப் படுத்து ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கண்ணுக்குள் விட்ட காற்றுக்குமிழி விழித்திரையை ஒட்டவைக்கும்வரை தலையைத் தூக்கக் கூடாது, திரையைப் பார்க்கக் கூடாது, முக்கியமாக அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனவே இதைச் சித்திதான் படித்துக் காட்டுவார். மாற்றுத்துணி எடுக்கப் பன்னிரண்டு மணிக்கு இங்கே வருகிறார், அதற்குள் தட்டச்சு செய்து அச்செடுத்துக் கொடுத்துவிடுவேன். சித்தி, மேலே உள்ள எண்களை நீங்கள் இன்னும் வாய்விட்டுப் படிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். படித்துவிட்டீர்கள் என்றால் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், எழுந்துவிடப் போகிறார்.

எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. உங்கள் ரத்ததானப் பட்டியலில் 234 பேரை நேற்று நான் அழித்துவிட்டேன். வைரஸ் இல்லை, மின்வெட்டு இல்லை, வேறு யாரும் கணினியைத் தொடவில்லை. நான்தான்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் அறைக்குள் போகும்முன் உங்கள் கைபேசியையும் வீட்டுச் சாவிக்கொத்தையும் என் கையில் கொடுத்து நீங்கள் சொன்னது எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. “இன்ஜினியர், ஒரு வாரம் நீதான். யாராவது ரத்தம் கேட்டு போன் பண்ணினா பட்டியலைத் திற, ஆளைப் பிடி, அனுப்பு. வேற எதையும் தொடாதே. சாவிக்கொத்துல இருந்தும் எதையும் கழட்டாதே.” இரண்டையும் மீறிவிட்டேன். இரண்டாவது பெரிய விஷயமில்லை, பின்னால் வரும். முதலாவதுக்குக் காரணம் சத்தம்.

நேற்றுக் காலை ஒன்பதே காலுக்கு உங்கள் கணினியை இயக்கினேன். இயக்கிய இரண்டாவது நிமிடம் டக், டக், டக் என்று ஆரம்பித்தது. சித்தப்பா, நான் இதற்குத்தான் நான்கு வருடம் படித்தேன். பதினொரு வயதான ஹார்ட் டிஸ்க் அப்படித் தட்டினால் அது உயிலெழுதச் சொல்லிக் கேட்கிறது என்று அர்த்தம். பத்தொன்பது வருடமாக நீங்கள் சேர்த்த அத்தனை பேரும் அந்த ஒரே டிஸ்க்கில், ஒரே மின்னஞ்சல் மென்பொருளின் முகவரிப் புத்தகத்தில் இருக்கிறார்கள். அதுவும் எல்லாவற்றையும் வீட்டுக் கணினியிலேயே பூட்டி வைத்துக்கொள்ளும் பழைய ரகம். இணையத்தில் எங்கேயும் நகல் கிடையாது. “ஏபி பாசிடிவ் கண்ணாடிக்கடை”, “பி நெகடிவ் நூலகத்தில் இரண்டாவது மேசை” என்று ஒருவருக்கும் பெயர் வைக்காமல் ரத்த வகையையும் தொழிலையும் மட்டும் எழுதி வைத்திருக்கிறீர்கள், அது வேறு. இந்த டிஸ்க் போனால் எல்லாரும் போனார்கள். பேக்கப் எடுக்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான், இப்போதும் சொல்கிறேன்.

செய்த முறையும் சரி. மென்பொருளை மூடிவிட்டுத்தான் அதன் கோப்புறையை நகலெடுக்க வேண்டும், திறந்திருக்கும்போது எடுத்தால் பாதியில் கிழிந்த நகல் வரும், மூடினேன். முகவரிப் புத்தகத்தைத் தனியாக ஏற்றுமதி செய்து, எந்தக் கணினியிலும் திறக்கும் அட்டவணையாகவும் ஒன்று எடுத்தேன். ஒரு நகல் என் மடிக்கணினியில், ஒரு நகல் வெளி டிஸ்க்கில், ஒரு நகல் வீட்டுக்கு வெளியே, அதாவது என் அலுவலகக் கணக்கில். பிறகு மூன்றையும் திறந்து எண்ணிப் பார்த்தேன், ஏனென்றால் திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை. மூன்றிலும் 613. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. மூன்று நகலிலும் ஒரே ஓட்டை, அத்தனை துல்லியமாக இருந்தது என் வேலை.

ஓட்டை எப்படி விழுந்தது என்றால், நகலெடுக்கும்முன் சுத்தம் செய்தேன். தேவையில்லாததை நகலெடுக்காதே என்பது எங்கள் தொழிலில் முதல் வாரம் சொல்லித் தருவது. அந்த மென்பொருளின் குப்பைத் தொட்டியைத் திறந்தால் நிரம்பி வழிகிறது. பத்தொன்பது வருடமாக இந்த மனுஷன் ஒரு நாள்கூடக் குப்பையைக் கொட்டவில்லையே என்று, மன்னிக்க வேண்டும், சிரித்தேன். காலி செய் என்று அழுத்தினேன். “234 பதிவுகள் நிரந்தரமாக அழிக்கப்படும், சரியா?” என்று கேட்டது. சரி என்றேன். நம் குடும்பத்தில் ஒரு கேள்வி கேட்டால் நான் இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதே இல்லை. அத்தோடு விட்டிருந்தால்கூடத் தோண்டி எடுத்திருப்பேன். அடுத்ததாகக் கோப்பைச் சுருக்கவும் செய்தேன், அழித்த இடத்தின் தடம்கூட மிஞ்சாமல். அதே டிஸ்க்கில், அதன்மேலேயே ஏற்றுமதி அட்டவணையை எழுதினேன்.

அதற்கிடையில் உங்கள் மேசை வேறு. ஒரு கால் குட்டை, நான் ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் அது ஆடியது. சாவிக்கொத்தில் ஒரு பச்சை ரப்பர் மீன் தொங்குகிறதே, உட்கார்ந்தால் தொடையில் குத்துகிற அந்த அசிங்கமான மீன், அதைக் கழற்றி மேசைக்கால் அடியில் செருகினேன். இதுதான் இரண்டாவது மீறல், முடிந்தது. மேசை நின்றது. சுத்தம் செய்த பலனாக டிஸ்க்கின் டக் டக் சத்தமும் நின்றிருந்தது. பார்த்தீர்களா, குப்பை குறைந்ததும் டிஸ்க் மூச்சு விடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் அடுத்து அனுப்பிய கடிதங்களின் கோப்புறைக்குப் போனேன். ஆறாயிரத்துச் சொச்சம். ரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்துக்கு நன்றிக் கடிதம். ஒரு வரி போதாதா? இதையும் கழித்துவிட்டால் இன்னும் வேகமாக ஓடும் என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டெலீட் பொத்தானின் மேல் விரலை வைத்த நேரத்தில் உங்கள் கைபேசி அடித்தது. மணி 12.10.

ரத்த வங்கி அம்மா. “சார் இல்லையா? பரவால்ல, பட்டியல் உங்ககிட்ட இருக்குல்ல? ஓ நெகடிவ், ரெண்டு பேர் வேணும் தம்பி. முப்பத்தொரு வயசு அம்மா, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வயித்துல ஆபரேஷன். எங்ககிட்ட இருந்தது நேத்து ஒரு விபத்துக்குப் போயிடுச்சு. சோதனையெல்லாம் முடிக்கணும்னா நாலு மணிக்குள்ள ரெண்டு பேரும் இங்க வந்து படுத்திருக்கணும்.”

“பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்” என்று வீறாப்பாகச் சொன்னேன். பட்டியலில் ஓ நெகடிவ் மொத்தம் இரண்டே பேர். முதல் ஆள் கப்பலில் வேலை, கப்பல் எங்கோ நடுக்கடலில். இரண்டாம் ஆள் எடுத்தவுடன் தும்மினார், நான்கு நாளாகக் காய்ச்சல் மாத்திரை சாப்பிடுகிறாராம். அவ்வளவுதான். பட்டியல் முடிந்தது. 613 பேர் இருக்கிற பட்டியலில் எனக்கு வேண்டிய ஒரு ஆள் இல்லை.

மணி 12.35. வேறு வழியில்லாமல் சித்தியைக் கூப்பிட்டேன். சித்தி, இந்தப் பகுதி உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாத பாதியைச் சேர்த்துப் படியுங்கள்.

“சித்தி, சித்தப்பாகிட்ட ஒரே ஒரு கேள்வி. ஓ நெகடிவ்ல மீதி ஆளுங்க எங்க?”

“அவர் தலையைத் தொங்கப் போட்டுட்டுப் படுத்திருக்கார்டா. இரு, குனிஞ்சு கேக்கறேன்… குப்பைத் தொட்டில இருக்காங்களாம்.”

“எதுல?”

“அதான்ப்பா, அந்தக் கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டில. ரத்தம் குடுத்தவங்களை உடனே அதுல போட்டுடுவாராம், மறுபடி குடுக்கத் தொண்ணூறு நாள் ஆகணுமே, அதுக்குள்ள தெரியாம கூப்பிட்டுடக் கூடாதுன்னு. போட்ட தேதியை அதுவே காட்டுதாமே. தெனம் காலையில திறந்து, தொண்ணூறு நாள் முடிஞ்சவங்களை வெளிய எடுத்து விடுவாராம். இந்த அஞ்சு நாளா எடுக்கல, அதனால நாள் முடிஞ்சவங்க அடியில இருப்பாங்க, நீயே எடுத்துக்கோங்கறார். ஏன்டா, என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்ல சித்தி. நாற்காலி.”

நாற்காலி இல்லை. நான்.

சித்தப்பா, உலகத்தில் எந்தப் புத்தகத்தில் இப்படி ஒரு முறை இருக்கிறது? நல்லவர்களைக் குப்பையில் போட்டு வைப்பது? “ஓய்வில்” என்று ஒரு கோப்புறை திறக்க அரை நிமிடம் ஆகாதே! இதை உங்களிடம் கத்திக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் நேரம் ஒன்று ஆகப்போகிறது, ரத்தம் வேண்டிய அம்மாவுக்கு ஆள் அனுப்ப மூன்று மணி நேரம்தான் இருக்கிறது, நான் கூட்டிக் கொட்டியது பட்டியலிலேயே ஆக நல்ல 234 பேரை. கேட்டவுடன் வந்து கை நீட்டியவர்களை. மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டினேன். இருபது நிமிடம் தேடிவிட்டு அது கண்டுபிடித்தது என் பேக்கப்பின் நான்காவது நகல். 613.

ரத்த வங்கி அம்மா மறுபடி அழைத்தார். “என்ன தம்பி, சார் எப்பவும் பத்து நிமிஷத்துல ஆள் அனுப்பிடுவாரே.” தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். “உங்க க்ரூப் என்ன தம்பி?” என்றார். தெரியாது என்றேன். “நாலு மணிக்குள்ள தம்பி” என்று போனைத் துண்டித்தார்.

கைபேசியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தால், நான் அழிக்கத் தேர்ந்தெடுத்த நன்றிக் கடிதங்கள் நீலம் பூசிக்கொண்டு அப்படியே நிற்கின்றன. 12.10க்கு அந்தப் போன் வராமல் 12.11க்கு வந்திருந்தால் அவையும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தேர்வை நீக்கினேன். தொண்ணூறு நாளைப் பின்னோக்கி எண்ணி, மார்ச் மாதத்துக்குப் போய் ஒன்றைத் திறந்தேன். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: “தாங்கள் மார்ச் 12ஆம் தேதி அளித்த ஓ நெகடிவ் ரத்தம் அன்று மாலையே ஒருவருக்குப் பயன்பட்டது. அவர் எழுந்து உட்கார்ந்து செய்தித்தாள் கேட்டதாகச் செவிலியர் சொன்னார். தங்கள் தொலைபேசி எண் கீழே உள்ளதுதானே? மாறியிருந்தால் அன்புகூர்ந்து தெரிவிக்கவும்.” கீழே எண். ஒவ்வொரு கடிதத்திலும் தொழில், ரத்த வகை, தேதி, எண். ஆறாயிரம் கடிதத்திலும். நான் ஒரு வரி போதும் என்று சொன்ன கடிதத்தில் எனக்கு வேண்டியது எட்டாவது வரியில் இருந்தது.

மார்ச் 12. தொண்ணூறு நாள் மூன்று நாளைக்கு முன்தான் முடிந்திருக்கிறது. அன்று கொடுத்த ஓ நெகடிவ் மூன்று பேர். முதல் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது, சலவைக்கடைக்காரர்.

“சார் வீட்டுல இருந்தா? சொல்லுங்க.”

“உடனே வரணும். இஸ்திரியை அணைச்சிட்டு நேரா ரத்த வங்கிக்குப் போங்க.”

“ஏங்க, ஒரு வணக்கம் கிணக்கம் கிடையாதா? சார் மொதல்ல என் முழங்கால் வலியைத்தான் விசாரிப்பார்.”

“முழங்கால் எப்படி இருக்கு?”

“வலிக்குது. கிளம்பிட்டேன்.”

மூன்றாவது எண், கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார். எடுத்தவுடனேயே அலறினார். “பிரேக்கு, பிரேக்கும்மா! அது ஆக்ஸிலேட்டர்! ஹலோ, யாரு?” விஷயத்தைச் சொன்னேன். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள் என்றேன். “அதெப்படிங்க, அவங்க பல் டாக்டர், வாரத்துல இந்த ஒரு மணி நேரம்தான் வர்றாங்க. கிளாஸை ஆஸ்பத்திரி வரைக்கும் வெச்சுக்கறேன். அம்மா, நேராப் போய் ரைட்டு எடுங்க.” பின்னால் ஒரு பெண் குரல், அழுகைக்கு முந்தின நிலையில்: “எனக்கு ரைட்ல திரும்ப வராதே சார்!” வாத்தியார் யோசித்தார். “சரி, லெஃப்ட்லயே சுத்திச் சுத்திப் போயிடுவோம்.”

இரண்டு மணி இருபதிலிருந்து மூன்று ஐம்பதுவரை நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். சலவைக்கடைக்காரர் இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டார். இன்னொருவர் வரவேண்டும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். ஒரு ஊரின் வரைபடத்தில் இடப்பக்கத் திருப்பங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு இடத்துக்குப் போகும் வழியைக் கணக்குப் போட்டேன். பதினேழு திருப்பம் வந்தது. மூன்றரைக்கு வாத்தியாரைக் கூப்பிட்டேன். “வண்டி நின்னு போச்சுங்க, நாலாவது தடவை, பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கறான், அம்மா பயப்படாதீங்க, பல்லு புடுங்கறப்ப இவன் எல்லாம் உங்ககிட்ட வாயைத் திறந்து காட்டணும்ல, அப்ப பாத்துக்கலாம்.” வைத்துவிட்டார். 3.52க்கு ரத்த வங்கி அம்மா அழைத்தார். “வந்துட்டார் தம்பி. முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு, ரத்தம் எடுக்கலாமான்னு யோசிச்சேன். ‘அது வண்டியில வந்ததால, ரத்தத்துக்கு ஒண்ணும் இல்ல’ங்கறார். சோதிச்சேன், சரியாத்தான் இருக்கு.”

நேற்று மாலையிலிருந்து ஒவ்வொரு நன்றிக் கடிதமாகத் திறந்து 234 பேரில் 190 பேரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். வகை, தொழில், எண், கொடுத்த தேதி. மீதி 44 பேர் மின்னஞ்சல் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு நீங்கள் வீட்டுக்கே போய் நன்றி சொல்வீர்கள் என்று சித்தி ஒருமுறை அலுத்துக்கொண்டது ஞாபகம் வருகிறது. அவர்கள் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறார்கள். அந்தத் தலை குப்புறக் கிடக்கிறது. இப்போது மணி 11.05. ஆபரேஷன் எட்டு மணிக்கு ஆரம்பித்திருக்கும். முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று ரத்த வங்கி அம்மா சொன்னார். இன்னும் கூப்பிடவில்லை. நான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் அதுதான், வேறொன்றுமில்லை.

11.25. கூப்பிட்டுவிட்டார். “முடிஞ்சுது தம்பி. ரெண்டு பாட்டிலும் ஏத்தினாங்க, ரெண்டும் வேண்டியிருந்துச்சு. நல்லா இருக்காங்க. சார்கிட்ட சொல்லிடுங்க.” சொல்லிவிட்டேன், சித்தப்பா.

மற்றபடி, என்னைத் திட்டுவதாக இருந்தால் தரையைப் பார்த்தபடியே திட்டுங்கள், தலையைத் தூக்க வேண்டாம். குமிழி தன் வேலையை முடிக்கட்டும். சித்திக்கு என் வணக்கம், உங்கள் தோளை அவர் இனி விட்டுவிடலாம். உங்கள் கண் சரியாகி நீங்கள் என்னை நேருக்கு நேர் முறைக்கும் நாளுக்காகக் காத்திருக்கும்,

உங்கள் அண்ணன் மகன்,
இன்ஜினியர்

பின்குறிப்பு: மணி 12.20. சித்தி வந்தார். கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். முடித்ததும் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். “மீனை ஏன்டா கால்ல வெச்சு நசுக்கியிருக்கே? அதுலதானே அவர் பட்டியலைக் காப்பி எடுத்து வெப்பார்?” மீனை உருவினேன். தலையைத் திருகினால் வருகிறது. உள்ளே பென் டிரைவ். அதில் ஒரே ஒரு கோப்புறை: குப்பைத் தொட்டி. திங்கட்கிழமை மாலை, ஆபரேஷனுக்கு முந்தின நாள் எடுத்த நகல். “மத்தவங்களை எங்க வேணா தேடிப் பிடிச்சுக்கலாமாம், குடுத்தவங்களைத்தான் தொலைக்கக் கூடாதாம்” என்றார் சித்தி. எண்ணினேன். 234. மறுபடி எண்ணினேன். 234. நேற்று முழுக்க என் காலிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. மீனை உருவியவுடன் டக், டக், டக் மறுபடி ஆரம்பித்தது. கணினிப் பெட்டியின் விசிறி அதிர்வில் குட்டைக்கால் தரையைத் தட்டுகிறது. டிஸ்க்குக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே, மேலே எழுதிய எதுவும் நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இனி நான் செய்யப்போவது:

1. விடுபட்ட 44 பேரையும் மீனிலிருந்து திரும்பச் சேர்ப்பேன். மொத்தம் 847 வருகிறதா என்று எண்ணுவேன். பிறகு மீனைச் சாவிக்கொத்தில் மாட்டிவிடுவேன்.

2. மேசைக்காலுக்கு ஒரு மரத்துண்டு வைப்பேன்.

3. சலவைக்கடைக்காரருக்கும் வாத்தியாருக்கும் ஒரு பக்கத்துக்கு நன்றிக் கடிதம் எழுதி, எண் சரிதானா என்று கேட்டுவிட்டு, இருவரையும் குப்பைத் தொட்டியில் போடுவேன். பல் டாக்டருக்கும் ஒரு கடிதம் உண்டு. முழங்காலை விசாரிக்க மறக்க மாட்டேன்.

4. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ரத்த வங்கிக்குப் போய் என் வகை என்ன என்று தெரிந்துகொண்டு, ஊசியைப் பார்க்காமல் கையை நீட்டுவேன். திரும்பி வந்து என்னையும் குப்பைத் தொட்டியில் சேர்த்துக்கொள்வேன்.

5. டாக்டர் அதிர்ச்சி கூடாது என்றதால் இந்தக் கடிதத்தை இப்போது உங்களிடம் தரப்போவதில்லை. சித்தியும் சரி என்றுவிட்டார். அழிக்கவும் மாட்டேன். குப்பைத் தொட்டியில் போட்டு வைக்கிறேன், இன்றைய தேதியோடு. செப்டம்பர் 12ஆம் தேதி காலை நீங்களே வெளியே எடுப்பீர்கள்.